தகவல் கிடைத்தது

மற்றவர்கள் ஒரு வீட்டைத் திண்ணைப் பக்கம் நின்று தெரிந்துகொள்வார்கள். நாங்கள் கொல்லைப் பக்கம் நின்று தெரிந்துகொண்டோம். சென்னையில் 1914-ல் சுகாதார இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்து 1948-ல் ஓய்வு பெற்றேன். இந்த முப்பத்துநாலு வருஷத்தில் ஜார்ஜ் டவுனில் பல வீடுகளின் முகப்பு எனக்கு அடையாளம் தெரியாமலே போய்விட்டது. பின்சுவரில் இருந்த சின்னக் கதவைச் சொன்னால்தான் வீடு ஞாபகத்துக்கு வரும்.

அந்தக் கதவைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முகப்பு குறுகல், நீளம் அதிகம். கடைசிக் கட்டில் எடுப்புக் கக்கூஸ் இருக்கும். மேலே கால் வைக்க இரண்டு கல், அடியில் ஒரு தகரப் பாத்திரம் அல்லது வெறும் குழி. அதை வெளியிலிருந்து இழுத்து எடுக்கப் பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கதவு. வீடுகளுக்குப் பின்னால் இரண்டு ஆள் பக்கம் பக்கமாக நடக்க முடியாத ஒரு சந்து. விடியற்காலை நாலு மணிக்கு அந்தச் சந்தில் ஒரு லாந்தர், ஒரு தகரச் சுரண்டி, ஒரு கூடை, கொஞ்சம் சாம்பல், அவற்றோடு ஒரு பெண்பிள்ளை குனிந்து போய்க்கொண்டிருப்பாள். தோட்டிச்சி என்று சொல்லுவோம், ரிக்கார்டிலும் அப்படித்தான் எழுதுவோம். அந்தச் சொல்லை இங்கே எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆனால் அன்று தயங்கவில்லை.

நான் சேர்ந்த அதே 1914-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் புதுத் தண்ணீர் நிலையம் திறந்தார்கள். அதற்கு முன்னால் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆடு மாடு இறங்கும், துணி துவைப்பார்கள், மழை வந்தால் கரையில் கிடந்ததெல்லாம் அதில் சேரும். இப்போது தியாகராயநகரில் ஒரு ரோட்டுக்குப் பெயராக இருக்கிறாரே, மேட்லி என்ற இன்ஜினீயர், அவர் போட்ட திட்டப்படி தண்ணீர் மணல் படுகைகளில் மெதுவாக இறங்கி, வடிந்து, குழாயில் ஓடத் தொடங்கியது. 1911 ஜனக்கணக்கில் சென்னையில் 5,18,660 பேர். இத்தனை பேருக்கும் குழாய் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடாது. தெருக் கிணறும் வீட்டுக் கிணறும் இன்னும் பல வருஷம் நீடித்தன. சாக்கடைக் குழாயும் எல்லா வீட்டுக்கும் உடனே வந்துவிடவில்லை. ஆகவே ஒரு கட்டில் குடிதண்ணீர்க் கிணறு, ஐந்தாறு கஜம் தள்ளி அடுத்த கட்டில் கக்கூஸ் என்ற ஏற்பாட்டோடுதான் நாங்கள் மல்லுக்கட்டினோம்.

இந்தத் தொழிலில் முதலில் கற்க வேண்டியது நேரம். காலை பத்து மணிக்கு ஒரு காப்பி கிளப்புக்குப் போனால் தரை கழுவியிருக்கும், பாத்திரம் மின்னும், முதலாளி விபூதியோடு நின்று வரவேற்பார். இரவு பதினொரு மணிக்குப் போனால், மாவு பிசைந்த கல்மேடை மேலேயே சப்ளை செய்யும் பையன்கள் நாலு பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அடுப்புப் புகைக்குப் போக்கிடம் இருக்காது. எல்லார் கண்ணும் சிவந்திருக்கும். பாலிலும் இப்படித்தான். லாக்டோமீட்டரை மட்டும் நம்புகிறவனைப் பால்காரர் சுலபமாக ஏமாற்றிவிடுவார். ஏடு எடுத்த பால் கனத்துக் காட்டும். அதில் தண்ணீர் விட்டால் மறுபடி சரியான கோட்டுக்கு இறங்கிவிடும். கருவி நல்ல பால் என்று சாட்சி சொல்லும். நாக்கில் ஒரு சொட்டு, விரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. சேர்ந்து இரண்டாவது வருஷம், சித்திரை வெயிலில், வழக்கம்போலச் சந்து பார்க்கப் போயிருந்தேன். அந்தத் தெருவுக்கு எடுக்கிற அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, நான் தாண்டிப் போகிற வரைக்கும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். நாற்பது வயது இருக்கும். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், தெலுங்கு கலந்த தமிழ். நான் நாலடி போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாபு, பதினோராம் நெம்பர் வீட்டுல கஞ்சித்தண்ணியா கெடக்குது. நேத்து ராத்திரிக்குள்ள ரொம்ப வாட்டி.”

எனக்கு அது உடனே உறைக்கவில்லை. அவள் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். அரிசி களைந்த நீர்போல வெளுத்து, நடுவில் துணுக்குகள் மிதக்க, மலத்துக்குரிய நாற்றமே இல்லாமல் இருந்தது. புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிய வாந்திபேதியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பதினோராம் வீட்டில் போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை, மாம்பழம் தின்றதில் அஜீரணம் என்றார் பாட்டி. மறைத்ததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலரா என்று பதிவானால் படுக்கையைக் கொளுத்துவோம், வீடு முழுக்கச் சுண்ணாம்பும் பினாயிலும் அடிப்போம், ஆளைத் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று ஊர் நம்பியது. கல்கத்தாவில் ரோஜர்ஸ் என்ற டாக்டர் உப்புநீரை ரத்தநாளத்தில் ஏற்றிப் பலரைப் பிழைக்கவைத்திருந்தார். ஆனால் அந்த நம்பிக்கை எங்கள் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. உள் அறையில் ஒரு பையன் கண் குழி விழுந்து, விரல் தோல் சுருங்கிக் கிடந்தான். அன்று மாலைக்குள் அந்தத் தெருக் கிணறுகளுக்கெல்லாம் பெர்மாங்கனேட் போட்டோம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கிணற்றில் விட்டு, வாளியை நாலு முறை முக்கி எடுத்துக் கலக்க வேண்டும். சில மணி நேரமாவது ரோஜா நிறம் நின்றால்தான் மருந்து போதியது என்று அர்த்தம். நிறம் உடனே செத்துவிட்டால் தண்ணீரில் அழுக்கு அவ்வளவு அதிகம், மறுபடி போட வேண்டும். அந்தத் தெருவில் மொத்தம் மூன்று பேருக்குக் கண்டது. ஒருவர் போய்விட்டார். பையன் பிழைத்தான்.

என் நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதியது இவ்வளவுதான்: “தகவல் கிடைத்தது. 11-ம் எண் வீடு. காலரா என்று சந்தேகம்.” தகவல் யார் மூலம் என்று எழுதவில்லை. மேலதிகாரி என் விழிப்பைப் பாராட்டினார். பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சந்துகள்தான் எனக்கு ஆபீசாயின. எந்த வீட்டில் சீதபேதி, எந்த வீட்டில் குழந்தைக்குப் பூச்சி, எந்த வீட்டில் டைபாய்டு மாதிரி நாள்பட்ட காய்ச்சல் என்று அவளுக்கும் அவள் இனத்துப் பெண்களுக்கும் டாக்டருக்கு முன்னால் தெரியும். ஜனன மரண ரிஜிஸ்தரில் ஒரு வரி ஏறுவதற்கு நாலு நாள் முன்பே அவர்களுடைய கூடையில் ஏறியிருக்கும். நான் எழுதிக்கொண்டே போனேன். தகவல் கிடைத்தது, தகவல் கிடைத்தது.

எங்கள் வேலையின் இன்னொரு பாதி தொழிலிடங்கள். ஆலைகளைப் பார்க்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் தனியாக உண்டு; அது வேறு இலாகா, வேறு நோட்டுப் புத்தகம். ஜனங்களுக்குத் தொந்தரவும் ஆபத்தும் தரக்கூடிய தொழில்களுக்கு நகரசபை லைசென்ஸ் வேண்டும். தோல் கிடங்கு, அச்சாபீஸ், சோடா பாக்டரி, பீடிக் கொட்டகை என்று அவை எங்கள் பங்குக்கு வந்தன. பெரியமேட்டுத் தோல் கிடங்குக்குள் முதல் முறை போனபோது வாசலிலேயே குடல் புரட்டியது. ஒரு மணி நேரம் நின்றால் நாற்றம் தெரியாமல் போய்விடும். அந்த மரத்துப்போதல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மூக்கு பழகிவிட்ட இன்ஸ்பெக்டர் எதற்கும் உதவமாட்டான். ஆகவே உள்ளே போன முதல் ஐந்து நிமிஷத்தில் மூக்கு சொன்னதை உடனே எழுதிவைக்கப் பழகிக்கொண்டேன்.

அச்சாபீஸில் ஈறைப் பார்ப்போம். கம்பாசிட்டர் நாள் முழுக்க ஈய எழுத்தைப் பொறுக்கிய கையோடு இலையை விரித்துச் சாப்பிடுவார். சில வருஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். மணிக்கட்டு தளரும். அதற்கு முன்பே பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மெல்லிய நீலக் கோடு விழும். “வாயைத் திறங்கள் ஐயா” என்று நான் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கும்போதே கோடு தெரிந்துவிடும்.

சட்டம் என்ன செய்தது என்றால், எண்ணியது. 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் நூறு பேர் வேலை செய்கிற இடத்தைத்தான் பார்த்தது. 1891-ல் அது ஐம்பதாயிற்று. 1911-ல் நெசவாலை ஆண்களுக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று முதல் தடவையாக வரம்பு வந்தது. இதற்கு முன் நடந்த 1907–08 தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனில் ஓர் அங்கத்தினராக இருந்தவர் சென்னை டாக்டர் டி. எம். நாயர். வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நேரடியாகச் சட்டம் கட்டுப்படுத்தக் கூடாது என்று மற்றவர்கள் முடிவு கட்டியபோது, கட்டுப்படுத்தியே தீர வேண்டும் என்று தனியாக மாறுபட்ட குறிப்பு எழுதிவைத்தார். தொண்டையும் மூக்கும் பார்க்கிற வைத்தியர் அவர். பஞ்சுத் தூசி மனிதனுக்குள் என்ன செய்யும் என்று அறிந்தவர். நகரசபையிலும் கவுன்சிலராக இருந்தவர் என்பதால் எங்கள் இலாகாவில் வயதானவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வரும். சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்ற குறையோடு பெரம்பூர்ப் பக்கத்து மில் தொழிலாளிகள் 1918 ஏப்ரலில் சங்கம் கூட்டினார்களே, அப்போதுதான் அந்தக் குறிப்பின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது என்கிறார்கள். சங்கத்தை முன்னின்று நடத்திய வாடியா பேசியதையும் திரு.வி.க. பேசியதையும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

1922-ல் எண் இருபதாயிற்று. இயந்திர சக்தி ஓடி, இருபது பேர் இருந்தால் தொழிற்சாலை. நாளுக்குப் பதினொரு மணி, வாரத்துக்கு அறுபது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் பல்லைப் பார்த்து வயது சொல்ல டாக்டர் இருப்பார். ஆனாலும் பகலில் ஓர் ஆலையில் அரை நேரம், பிறகு வேறு பெயரில் வேறு சீட்டோடு இன்னோர் ஆலையில் அரை நேரம் என்று ஓடிய பிள்ளைகளை நான் அறிவேன். இருபது என்று எழுதினால் பத்தொன்பது பேரை வைத்து நடத்துவார்கள். இருபத்தாறு பேர் இருந்தால் நடுவில் ஒரு சுவர் எழும்பும், இரண்டு பெயரில் இரண்டு தொழில் ஆகிவிடும். இன்ஜின் இல்லாவிட்டால் கேள்வியே இல்லை. பீடிக் கொட்டகையில் இன்ஜின் ஏது? நூறு பேர் இருந்தாலும் அது தொழிற்சாலை அல்ல.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் அப்படி ஒரு கொட்டகை. தகரக் கூரை, நாலு பக்கமும் சுவர், ஒரு வாசல். அறுபது பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாதி பேர் பிள்ளைகள். சின்னக் குழந்தைகளுக்கு முனை மடிக்கிற வேலை, நூல் கட்டுகிற வேலை. பிறகு 1931-ல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை, ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட இம்மாதிரி இடங்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இரண்டணாவுக்கு வேலை செய்வதாக எழுதியது. படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

என் கையில் தொழிற்சாலைச் சட்டம் இல்லை. சுகாதாரக் கேடு என்ற ஒரு பிரிவுதான் இருந்தது. அதை வைத்து மூன்று சன்னல் திறக்க நோட்டீஸ் கொடுத்தேன். கொட்டகைக்காரர் திறந்தார். அடுத்த வாரம் போனால் மூன்றுக்கும் பலகை அறைந்திருந்தது. கோபத்தோடு சம்மன் எழுத உட்கார்ந்தேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த வயதான ஒரு பாய், தலையைத் தூக்காமலே, “அறையச் சொன்னது நாங்கதான் தம்பி. காத்து அடிச்சா எல காஞ்சு ஒடையும். ஒடைஞ்ச எலைக்குக் கூலியில புடிப்பாங்க” என்றார். சம்மனைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த உயரத்தில் காற்று வந்தால் இலை காயாது என்று கேட்டேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு, சுற்றிலும் மூங்கில் தட்டி அடிக்கச் சொன்னார். அப்படியே செய்தார்கள். தூசி மேலேறி வெளியே போயிற்று, இலையும் காயவில்லை. பலகை அறைந்த காரணத்தை முதலிலேயே கேட்டிருக்கலாம். வேலை செய்கிறவரிடம் கேட்கும் பழக்கம் எனக்கு வரப் பத்து வருஷம் பிடித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளை அங்கிருந்து எழுப்பும் அதிகாரம் கடைசிவரை என்னிடம் இல்லை. இன்ஜின் இல்லாத தொழிலிடங்களுக்கென்று மாகாணத்தில் சட்டம் வந்தது 1947-ல், நான் ஓய்வு பெறப்போகிற சமயத்தில்.

இத்தனை தொழிலிடங்களைப் பார்த்தவன் விடியற்காலைச் சந்தினை ஒருநாளும் தொழிலிடம் என்று நினைக்கவில்லை. அது சுகாதார நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. தொழிலிட நோட்டுப் புத்தகத்தில் இல்லை.

1920-களின் நடுவில் ஒரு கோடையில் அந்த அம்மாவைப் பத்து நாள் காணவில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன். வாந்திபேதி, பிழைப்பது கஷ்டம் என்றான். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்திருந்தது. அதன் அட்டவணையைப் புரட்டினேன். தொழிலால் வரும் நோய் என்று மூன்று இருந்தன: ஆந்த்ராக்ஸ், ஈய விஷம், பாஸ்பரஸ் விஷம். என் அச்சாபீஸ் கம்பாசிட்டரின் நீலக் கோடு இருந்தது. ஊர்க் காலராவையெல்லாம் தலைமேல் சுமந்தவளுக்கு வந்த காலரா அதில் இல்லை. தொற்று கிணற்றில் வந்ததா கூடையில் வந்ததா என்று யாரால் நிரூபிக்க முடியும்?

பதினோராவது நாள் திரும்பி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். இன்னும் இரண்டு நாள் போனால் தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். வேலை முடிந்து சந்து முனையில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. எனக்குப் பதறியது.

“ஏம்மா, அந்தக் கையாலேயா? கழுவக் கூடாதா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“எங்க பாபு கழுவுறது?”

தெருமுனையில் குழாய் இருந்தது. கீழ்ப்பாக்கத்துத் தண்ணீர்தான். அவள் அதைத் தொட முடியாது. யாராவது மனமிரங்கி மேலேயிருந்து ஊற்றினால் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு யார் ஊற்றுவார்கள்? ஒரு தொழிலிடத்துக்குள் நுழைந்தால் முதலில் கை கழுவும் தொட்டி எங்கே, கக்கூஸ் எத்தனை என்று எண்ணுகிறவன் நான். பத்து வருஷமாக அவள் கையிலிருந்து தகவல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கையைக் கழுவத் தண்ணீர் உண்டா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சந்துக்குள்ளே ஒரு குழாய் போட இரண்டு வருஷம் ஆயிற்று. குழாய்க்குச் செலவு பெரிதல்ல. தெருக்காரர்கள் கூடி மனுப் போட்டதுதான் தடை: குழாய் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், தெரு கெட்டுவிடும். அவர்களிடம் ஒவ்வொரு திண்ணையாக ஏறி நான் சொன்ன வாதம் இதுதான்: அடுத்த வீட்டு வாந்திபேதி அவள் கைவழியாக உங்கள் வீட்டுக் கதவுக்கு வருகிறது, உங்கள் பிள்ளைகளுக்காகவாவது குழாய் வேண்டும். அது பலித்தது. கையெழுத்துப் போட்டார்கள். அவளுக்கும் ஒரு கை இருக்கிறது, அது வெடித்திருக்கிறது என்று ஒரு திண்ணையிலும் நான் பேசவில்லை. பேசியிருந்தால் குழாய் வந்திருக்காது என்று சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

குழாய் திறந்த அன்று நான் போயிருந்தேன். அவள் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு காலை. பிறகு முகத்தை. பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒரு சின்னப் பெண், அவள் மருமகள், “போதும் அத்தை, எங்களுக்கும் விடு” என்று சொல்லும்வரை நகரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போன வருஷம் ஒருநாள் கடற்கரைக்கு நடந்து போகிற வழியில் பழைய சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். பல வீடுகளுக்குச் சாக்கடைக் குழாய் வந்துவிட்டிருந்தது. வராத வீடுகளும் இருந்தன. குழாயடியில் அந்த மருமகள். தலை நரைத்துவிட்டது. மாமியார் போய் ஆறு வருஷம் ஆயிற்றாம். நான் ரிடையரானது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, “பாபு, ஏழாம் நெம்பர்ல ஒரு குழந்தைக்கு ரெண்டு நாளா ரத்தமும் சீதமுமாப் போவுது. சொல்ல மாட்டேங்குறாங்க” என்றாள்.

கடற்கரைக்குப் போகவில்லை. நேரே சுகாதார ஆபீசுக்குப் போய், கதவு திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். வந்த இளைஞர் மரியாதையானவர். விஷயத்தைக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, “தகவல் கிடைத்தது” என்று எழுதத் தொடங்கினார்.

“யாரிடமிருந்து என்றும் எழுதுங்கள், தம்பி” என்றேன்.

“உங்கள் பெயரைத்தானே ஐயா?”

இல்லை என்று சொல்லி, அவள் பெயரையும் மாமியார் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரண்டு பெயர் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.